சிவப்பு நூல் கட்டிய புடவை

பூவோடும் பொட்டோடும் போய்ச் சேர்ந்த என் சாந்தா அக்காவுக்கு,

உங்க வீட்டுக்காரர் என்னை விட்டுப் போய் இன்றோடு எழுபத்திரண்டு நாள். உங்க பெண் மலருக்கும் எனக்கும் நடந்த சண்டையில் போனார். சண்டை ஒரு புடவையால் வந்தது. புடவை உங்களுடையது, தப்பு என்னுடையது. விஷயம் இவ்வளவுதான். இனிமேல் எழுதுவதெல்லாம் அதற்கு விளக்கம்.

இதை உங்க படத்துக்கு முன்னால் நின்று சொல்லியிருக்கலாம். பத்திரிகையில் அச்சாகி வரட்டும் என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. என் புடவைக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள், பஸ்ஸை விட்டுக் கல்லாவுக்கு வந்த கண்டக்டரைக் காணோமே என்று. ஒருத்தியிடம் கால்வலிக்கு வைத்தியம் பார்க்கப் போயிருக்கிறார் என்றேன். இன்னொருத்தியிடம் காசி யாத்திரை என்றேன். பக்கத்தில் நின்றவள், "காசிக்கா? நேத்து செங்கம் ரோட்டுல டீ குடிச்சிட்டு இருந்தாரே" என்றாள். ஆளுக்கு ஒரு பதில் சொல்வதைவிட எல்லாருக்கும் ஒரே பதிலை எழுதிப் போட்டுவிடலாம் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். என்னைப் போல இன்னொருத்தி வாழ்ந்த வீட்டுக்குள் இரண்டாவதாக வந்தவர்கள் இந்த ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் உபயோகப்படட்டும்.

நம்ம பழக்கம் எப்படி ஆரம்பித்தது என்று ஞாபகம் இருக்கிறதா அக்கா? எனக்கு அப்போது கடை கிடையாது. தோளில் ஒரு மூட்டை, கையில் ஒரு வயர் கூடை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த உங்க லைன் வீட்டில் ஏழு கதவு தட்டினேன். ஆறு கதவு திறக்கவில்லை. நீங்கள் திறந்தீர்கள், இடுப்பில் மலரோடு. உட்காரச் சொல்லி மோர் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் மூட்டையைப் பிரிக்கச் சொன்னீர்கள்.

என் சரக்கு முழுக்க செகண்ட்ஸ். எங்கேயாவது ஒரு இழை விட்டிருக்கும், சாயம் ஒரு விரல் அளவு பிசகியிருக்கும். அதை நான் ஒளித்து விற்றதில்லை. குறை இருக்கிற இடத்தில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சு போட்டுவிடுவேன். வாங்குகிறவளிடம் முதலில் முடிச்சைக் காட்டுவேன், அப்புறம்தான் முந்தானையைக் காட்டுவேன். இன்றைக்குக் கடையாகி, மூன்று பெண்கள் வேலை செய்கிற அளவுக்கு வளர்ந்திருப்பது அந்த முடிச்சால்தான். தேவகி கடையில் வாங்கினால் ஏமாற மாட்டோம் என்று ஊர் சொல்கிறது. அன்றைக்கு உங்களிடமும் முடிச்சைக் காட்டினேன். "பரவால்ல தேவகி, கொசுவத்துக்குள்ள போயிடும்" என்றீர்கள். அதற்கப்புறம் எத்தனை புடவை எடுத்திருப்பீர்கள். ஒவ்வொரு தடவையும் அதே பரவால்ல.

நீங்கள் போய் இரண்டு வருஷம் கழித்து உங்க வீட்டுக்காரரின் அக்கா என்னைக் கேட்டு வந்தார். எனக்கு முப்பத்தெட்டு வயது. தம்பிகளைக் கரையேற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் என் வயது போயிருந்தது. என் வாடிக்கையாளரின் புருஷன் என்று கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. இரண்டு நிபந்தனை சொன்னேன். கடையை மூடமாட்டேன். மலரை என்னை அம்மா என்று கூப்பிடச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. அவருக்குச் சந்தோஷம். மலருக்கு அப்போது பதினேழு வயது. "சித்தின்னு கூப்பிடறேன், போதுமா?" என்றாள். போதும் என்றேன்.

பதினோரு வருஷம் அப்படியே ஓடியது. கொஞ்சிக் குலாவினோம் என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். சண்டையும் இல்லை. லீவு நாளில் மலர் கடையில் உட்கார்ந்து புடவையை விரித்துப் பார்த்து முடிச்சு போட்டுக் கொடுப்பாள். என்னைவிட அவளுக்குக் கண் கூர்மை. படித்தாள், கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆனாள், அங்கேயே மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிற பையனைக் கட்டினாள். உங்களுக்கு ஒரு பேத்தி இருக்கிறாள். இரண்டு வயது. எதைக் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறாள்.

இனி அந்தப் புடவை.

சுமங்கலியாகப் போனவளைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது நம்ம பக்கத்து வழக்கம். உங்களுக்கும் ஒரு மூங்கில் கூடை சாமி அறையில் தொங்குகிறது. அதில் ஒரு புதுப் புடவை, மஞ்சள், குங்குமம், வளையல். வருஷா வருஷம் பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை கூடையை இறக்கிப் படையல் போடுவோம். போன வருஷத்துப் புடவையை எடுத்து வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொள்ள வேண்டும், புதுசைக் கூடையில் வைக்க வேண்டும். நான் வந்த முதல் வருஷம் புடவையை என்னிடம்தான் நீட்டினார்கள். எனக்குக் கை வரவில்லை. மலர் வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அவள்தான் கட்டுகிறாள். புடவை எடுத்து வைப்பது மட்டும் என் பொறுப்பு. கடைக்காரி வீட்டில் வேறு யார் எடுப்பார்கள்?

இந்தத் தை மாதம் கூடையை இறக்கினோம். மலர், மாப்பிள்ளை, குழந்தை எல்லாரும் வந்திருந்தார்கள். இலையில் வடை பாயசம், கூடையில் புதுப் புடவை எல்லாம் வைத்தாகிவிட்டது. மலர் புடவையை எடுத்து உதறினாள். உள்மடிப்பில் சிவப்பு முடிச்சு.

வேறு யாராவது பார்த்திருந்தால் ஏதோ வேண்டுதல் நூல் என்று நினைத்திருப்பார்கள். பார்த்தது மலர்.

"இது என்னா சித்தி?"

"முடிச்சு."

"முடிச்சுன்னு தெரியுது. எங்கம்மாவுக்கு டேமேஜ் பீஸா வச்சீங்க?"

தப்பாயிடுச்சு மலரு என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. ஆனால் முப்பது வருஷம் வியாபாரம் செய்த வாய் இது. சரக்கை யாராவது குறை சொன்னால் முதலில் சரக்கின் பக்கம்தான் போய் நிற்கும். இழை விட்ட கோடு கொசுவத்துக்குள் போய்விடும் என்றேன். இந்த மாதிரிப் புடவை உங்கம்மாவே ஆசையாக வாங்கினதுதான் மலரு என்றேன். அவள் விடவில்லை. கடைசியில் நான் சொன்னது இது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, நீங்களும் கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள்.

"செத்தவங்களுக்கு முதல் தரம் எதுக்கு மலரு? கூடையில தொங்கப் போறதுதான?"

அவர் கற்பூரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். தட்டைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்து, "நாளைக்கு எனக்கும் அதான?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. நான் விளக்குத் திரியைத் தூண்டினேன்.

மலர் சாப்பிடாமல் கிளம்பிவிட்டாள். புடவையை நாற்காலியில் போட்டுவிட்டுப் போனாள். மறுநாள் காலை அவர் ஒரு பையில் நான்கு சட்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். பெண் வீட்டுக்குத்தான் போகிறார், கோபம் தணிந்தால் வருவார் என்று நான் தடுக்கவில்லை. வாசல் வரைக்கும் போனவர் திரும்பி, "சிலிண்டர்காரன் வந்தா வெயிட் பாத்து வாங்கு" என்றார். விட்டுப் போகிறவர் இப்படியா சொல்லிவிட்டுப் போவார்?

முதல் நான்கு நாள் கோபத்திலேயே ஓடிவிட்டது. கோபம் நல்ல துணை அக்கா, பசியைக்கூட எடுத்துக்கொள்ளும். ஐந்தாம் நாள் மலரிடமிருந்து போன். "அப்பாகிட்ட குடுங்க சித்தி, ரெண்டு நாளா போன எடுக்க மாட்டறாரு." அங்கேதானே இருக்கிறார் என்றேன். ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் அவர் இரண்டு பேர் கையிலும் இல்லை.

தேடவேண்டிய அவசியம் வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே மலருக்கு அவரே போன் செய்து சொல்லிவிட்டார். இங்கே திருவண்ணாமலையிலேயே, ஆசிரமத்துப் பக்கம் ஒரு சந்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிற வீடு. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மோட்டார் போடுவது, கேட் திறப்பது, செடிக்குத் தண்ணீர். தங்க ஒரு அறை. மாப்பிள்ளை வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் இல்லை அவர், உங்களுக்குத்தான் தெரியுமே.

அவர் இல்லாமல் எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். கடை நடந்தது. அதில் ஒரு குறையும் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. கல்லாவில் உட்கார்ந்து நோட்டை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகுவார், பஸ்ஸில் செருகுகிற மாதிரியே. கூட்டம் சேர்ந்தால் "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்குது" என்பார். எத்தனை தரம் அதட்டியிருப்பேன், இது என்ன டவுன் பஸ்ஸா என்று. இப்போது ஒரு கூட்டம் வாசலிலேயே தேங்கி நின்றால் என் வாயிலிருந்து அதே வார்த்தை வருகிறது. வேலை செய்கிற பெண்கள் திரும்பிக்கொண்டு சிரிக்கிறார்கள்.

சும்மா உட்கார்ந்து அழுவது எனக்கு வராது. அதனால் யோசித்தேன். சரக்கு திரும்பி வந்தால் எங்கே பிசகியது என்று பார்ப்பேனே, அப்படி. மாசி மாதம் ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு கேரியரை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். வெள்ளைக்காரம்மா ஒருத்தி கேட்டைத் திறந்து, "அப்பா" என்று கூப்பிட்டாள். உங்க வீட்டுக்காரருக்கு இப்போது எத்தனை பெண்கள் பாருங்கள். பால் இல்லாத டீ போடக் கற்றுக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று போட்டுக் கொடுத்தார். வாயில் வைக்க முடியவில்லை. குடித்தேன்.

எப்போது வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் உன்மேல கோவிச்சிக்கிட்டு வரல தேவகி. முப்பது வருஷம் பஸ்ஸுல நின்னவன், அப்ப எனக்குக் கால் வலிச்சதில்ல. உங்க ரெண்டு பேருக்கு நடுவுல பதினோரு வருஷம் நின்னது வலிக்குது."

நாங்கள் சண்டையே போட்டதில்லையே என்றேன்.

"போடாம இருந்தீங்களே, அதுக்கு நடுவுலதான் நின்னேன்" என்றார். அப்புறம் கேரியரைத் திறந்து, கத்திரிக்காய் குழம்பில் உப்பு கம்மி என்றார். கிளம்பும்போது சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டு வாங்க. யாரு பக்கம்னு மட்டும் என்னக் கேக்காதீங்க."

கீழ்பென்னாத்தூர் போக எனக்கு இன்னும் இரண்டு வாரம் ஆனது. காரணம் இருக்கிறது. போனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதை உங்களிடமும் இதுவரை சொல்லவில்லை. நான் அந்தப் புடவையைத் தெரியாமல் வைக்கவில்லை. மறந்தது வேறு. அதற்கு முன்னாலும் விட்டு விட்டு மூன்று வருஷம் கூடையில் டேமேஜ் பீஸ்தான் வைத்தேன், முடிச்சை அவிழ்த்துவிட்டு. போன வருஷம் பொங்கல் வியாபார நெருக்கடியில் அவிழ்க்க மறந்துபோனேன். அன்றைக்கு மலரின் கண்ணுக்கு எதிரே கூடைக்குள் போன இந்த வருஷத்துப் புடவையும் செகண்ட்ஸ்தான். தெருவில் போகிற யாரோ ஒருத்திக்கு ஒளிக்காத குறையை உங்களுக்கு ஒளித்திருக்கிறேன். கேட்க ஆள் இல்லை என்கிற தைரியம்தானே அது? வேறு பெயர் இருந்தால் நீங்கள் சொல்லுங்கள்.

நாற்காலியில் கிடந்த புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனேன். மலர் கதவைத் திறந்து, "வாங்க சித்தி" என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. குழந்தை என் பையைப் பிடித்து இழுத்தது. உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன், சுற்றி வளைக்கவில்லை. இது ஒன்று இல்லை மலரு, மொத்தம் அஞ்சு, கூடைக்குள்ள இருக்கறதையும் சேத்து.

அவள் என்னையே பார்த்தாள். "எந்தெந்த வருஷம்?"

சொன்னேன்.

"அந்தப் பச்சையுமா? இன்டர்வியூக்குக் கட்டிக்கிட்டுப் போனேனே."

அதுவும் என்றேன்.

"அம்மாவே கூட வந்த மாதிரி இருந்துதுன்னு ஊரெல்லாம் சொன்னேனே சித்தி" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தண்ணீர் கொண்டுவர எழுந்தேன், அவள் வீட்டில் தம்ளர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கல்யாணமாகி நான்கு வருஷம். அதுகூடத் தெரியாது.

அப்புறம் அவள் சொன்னதுதான் அக்கா என்னை உட்கார வைத்தது.

"அம்மா உங்ககிட்ட பரவால்லன்னு சொல்லிட்டு வந்துடுவாங்க. வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு அந்தக் கோட்ட உள்ள தள்ளித் தள்ளி மடிப்பாங்க. மறுபடி அவுத்து மறுபடி மடிப்பாங்க. நான்தான் பின் எடுத்துக் குடுப்பேன். கல்யாணத்துக்குப் போனா எழுந்திருக்க மாட்டாங்க, ஒரே எடத்துல ஒக்காந்து இருப்பாங்க. அவங்களுக்கு அது புடிச்சி வாங்குனது இல்ல சித்தி. செத்தப்புறமாவது கோடு இல்லாத ஒண்ணக் கட்டட்டும்னுதான் எனக்கு."

முப்பது வருஷமாக எத்தனையோ பேர் என் முன்னால் பரவால்ல என்று சொல்லியிருக்கிறார்கள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் கட்டிக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் கண்ணாடி முன்னால் நின்றது எனக்குத் தெரியாது அக்கா. தெரிந்திருக்க வேண்டும். புடவைக்காரிக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

மலரும் ஒன்று சொன்னாள், அதையும் சொல்லிவிடுகிறேன், அவளே எழுதச் சொன்னாள். "நானும் பதினோரு வருஷமா பாத்துக்கிட்டே இருந்தேன், நீங்க எப்ப தப்பு பண்ணுவீங்கன்னு. முடிச்சப் பாத்ததும் வருத்தம் அப்புறம்தான் வந்துது. மொதல்ல, மாட்டிக்கிட்டாங்கன்னு இருந்துது." என்னைவிட நேர்மையான வியாபாரி ஆகியிருப்பாள், டீச்சர் வேலைக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு அங்கேயே சாப்பிட்டேன். தம்ளர் சன்னலுக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் திருவண்ணாமலையில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். எங்கள் கடை வேண்டாம் என்று மலர் சொல்லிவிட்டாள். விலை பேசக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, வந்தது வேவு பார்க்கவோ என்று நினைத்தாரோ என்னவோ, நாற்காலி போட்டு குளிர்ந்த மோர் வரவழைத்தார். மலர் ஒரு கத்திரிப்பூ நிறத்துப் பட்டுப் புடவையை எடுத்தாள், மாம்பழ மஞ்சள் கரை. இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கோடு இல்லை. கடைக்காரர் விலையைச் சொல்லிவிட்டு என் வாயைப் பார்த்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். சொன்ன விலைக்கே வாங்கினோம். அவருக்கே பயம் வந்து ஜாக்கெட் துணி ஒன்றை இலவசமாக வைத்தார்.

பங்குனி முதல் வெள்ளிக்கிழமை, பருவம் தப்பி, உங்க கூடையை மறுபடி இறக்கினோம். முடிச்சு அவிழ்த்து வைத்திருந்த இந்த வருஷத்துப் புடவையை வெளியே எடுத்தோம், கத்திரிப்பூப் புடவையை வைத்தோம். அவரும் வந்தார். சாப்பிட்டார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பாயசத்தை மட்டும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். சிவப்பு முடிச்சுப் புடவையை மலர் என் கையில் வைத்து, "இத நீங்க கட்டிக்கோங்க சித்தி" என்றாள். தண்டனையா, உரிமையா என்று நான் கேட்கவில்லை. கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். முடிச்சை அவிழ்க்கவில்லை. கோட்டை உள்ளே தள்ளித் தள்ளி மடித்துப் பார்த்தேன். எப்படி மடித்தாலும் எழுந்து நடக்கும்போது வெளியே வந்துவிடுகிறது. நீங்கள் ஏன் கல்யாணத்தில் எழுந்திருக்கவில்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

இப்போது பரவால்ல என்று சொல்கிற வாடிக்கையாளரிடம் இன்னொரு தரம் கேட்கிறேன். நிஜமாகவே பரவால்லையா என்று. சிலர் புடவையைத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறார்கள். போகட்டும்.

கடைசியாக, பேசி முடித்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்களையும் சேர்த்துத்தான் பேசினோம், அதனால் நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். உங்க வீட்டுக்காரர் அந்த வீட்டு வேலையைச் சித்திரை முடிய ஒப்புக்கொண்டிருக்கிறார், பாதியில் விடமாட்டார். அதுவரை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வருவார். வைகாசி முதல் தேதி பையோடு வருவார். நிச்சயம்தானா என்று கேட்டேன். "டிக்கெட் குடுத்தாச்சு" என்றார். நானும் மலரும் சண்டை வந்தால் நேருக்கு நேர் போடுவோம், அவர் காது வழியாகப் போட மாட்டோம்.

உங்களுக்கு நான் தரும் வாக்கு தனி. வருஷத்துக்கு ஒரு புடவை, முதல் தரம். மலர் எடுப்பாள், நான் பேரம் பேசமாட்டேன். கூடையிலிருந்து இறங்குகிற புடவையை ஒரு வருஷம் அவள் கட்டுவாள், ஒரு வருஷம் நான்.

உங்க வீட்டில் உங்களுக்கு அடுத்து வந்த தங்கச்சி,
தேவகி